கிட்டார் ஆம்ப்ளிபயரும் கூடுதல் ஸ்பீக்கர் பெட்டியும்: நெல்லை மேடைகளின் ஒலி வரலாறு

ஆம்ப்ளிபயரும் ஸ்பீக்கரும் ஒரே மரப்பெட்டிக்குள் அமைந்த கிட்டார் ஒலிக்கருவியைக் 'காம்போ' என்று இசைக்குழுவினர் அழைப்பர். அதன் ஒலி போதாத இடங்களில் ஸ்பீக்கர் மட்டும் கொண்ட இன்னொரு பெட்டியைக் கம்பி மூலம் அதனுடன் இணைப்பதுண்டு. இது கூடுதல் பெட்டி அல்லது எக்ஸ்டென்ஷன் பெட்டி எனப்படும். மேலைநாட்டு இசை மேடையில் உருவான இந்த ஏற்பாடு, தமிழ்நாட்டில் ஏற்கெனவே வழக்கில் இருந்த 'மைக் செட்' முறையோடு மெல்லிசை மேடைகளில் சந்தித்தது. திருநெல்வேலி டவுண், தாமிரபரணிக் கரை ஊர்கள் ஆகியவற்றின் கோயில் விழாக்களும் பொதுக்கூட்டங்களும் இந்த வரலாற்றை அறிய நல்ல சான்றுகள்.

தமிழில் 'ஒலிபெருக்கி' என்ற சொல் இரண்டு கருவிகளுக்கும் பொதுவாக வழங்குகிறது. குழப்பம் வராமல் இருக்க, மின்குறியைப் பெரிதாக்கும் கருவி இக்கட்டுரையில் ஆம்ப்ளிபயர் என்றும், ஒலியை வெளியிடும் கருவி ஸ்பீக்கர் என்றும் குறிக்கப்படுகின்றன. தொழிலில் உள்ளோர் சொல்வதும் அப்படியே.

குரல் மட்டுமே இருந்த காலம்

ஒலிபெருக்கி வருவதற்கு முன் கூட்டத்தின் அளவைத் தீர்மானித்தது பேச்சாளரின் தொண்டையே. 1908ஆம் ஆண்டு மார்ச் மாதம் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் நெல்லையில் தாமிரபரணிக் கரையில் சுதேசிக் கூட்டங்களில் பேசினார்கள். அங்கே திரண்டவர்களுக்கு அவர்களின் சொற்கள் எவ்விதக் கருவியின் துணையுமின்றியே எட்டின. முன்வரிசையில் இருந்தவர் கேட்டதைப் பின்வரிசையில் இருந்தவருக்குச் சொல்லுவதும் அக்காலத்துக் கூட்டங்களில் இயல்பு.

இசையும் அவ்வாறே இடத்துக்கு ஏற்ப அமைந்தது. நாதசுரமும் தவிலும் திறந்த வீதிக்கு உரியவை; அவற்றுக்குக் கருவியின் துணை தேவைப்படவில்லை. வில்லுப்பாட்டு கோயில் முற்றத்துக்கு உரியது. வில்லடி கேட்கும் தொலைவில் மக்கள் அமர்ந்தனர். நெல்லையப்பர் கோயிலின் மணி மண்டபத்தில் உள்ள இசைத்தூண்கள் இன்னும் நெருக்கமான ஒலிக்கு எடுத்துக்காட்டு. ஒரே கல்லில் பெரிய தூணைச் சுற்றிச் சிறு தூண்களாகச் செதுக்கப்பட்ட அவற்றைத் தட்டினால் வெவ்வேறு சுரங்கள் எழுகின்றன. அந்த ஒலி மண்டபத்துக்குள் நிறைவது, வீதிக்கு வருவதில்லை.

குழாய் ரேடியோ வந்த வழி

அமெரிக்காவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் இருவரும் உருவாக்கிய கூம்பு ஸ்பீக்கர் 1915 டிசம்பர் 24 அன்று சான் பிரான்சிஸ்கோ நகர மன்றத்தின் முன் பெருங்கூட்டத்துக்கு இசையையும் பேச்சையும் கொண்டுசேர்த்தது. செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் 1925இல் காகிதக் கூம்பு கொண்ட ஸ்பீக்கரின் வடிவத்தை வெளியிட்டனர். இன்று வீட்டு ரேடியோ முதல் கிட்டார் காம்போ வரை உள்ள ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் இதன் வழிவந்தவையே.

இந்தியாவில் விடுதலைப் போராட்டக் கூட்டங்களே இக்கருவியைப் பரப்பின. நானிக் மோட்வானேயின் 'சிகாகோ ரேடியோ' நிறுவனத்தின் பெயர் பொறித்த மைக்குகளைக் காந்தியடிகள், நேரு ஆகியோரின் கூட்டப் படங்கள் பலவற்றில் காணலாம். 1940இல் தொடங்கப்பட்ட அகூஜா நிறுவனத்தின் ஆம்ப்ளிபயர்கள் பின்னாளில் தமிழ்நாட்டின் மைக் செட் கடைகளில் எங்கும் காணப்படும் பொருளாயின.

ஆம்ப்ளிபயருக்கு மின்சாரம் வேண்டும். தாமிரபரணியின் மேற்பகுதியில் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியது. மின்கம்பி எட்டாத ஊர்களில் பேட்டரியோ ஜெனரேட்டரோ துணை செய்தன. 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் தொடங்கியது. தென்மாவட்ட மக்கள் வழக்கில் மைக் செட்டுக்கு 'ரேடியோ செட்' என்றும், கூம்பு ஸ்பீக்கருக்குக் 'குழாய்' என்றும் பெயர் நிலைத்தன. பனைமர உச்சியில் குழாய் கட்டிப் பிள்ளையார் பாட்டு ஒலித்தால் ஊரில் கொடை விழா தொடங்கிவிட்டது என்று அயலூரார் அறிந்தார்கள்.

தெருவுக்கு ஏற்ற கணக்கு

நெல்லையப்பர் கோயிலின் ஆனித் தேரோட்டத்தின்போது நான்கு ரத வீதிகளிலும் மக்கள் நிறைகின்றனர். இத்தகைய நீண்ட வீதிக்கு ஒரே இடத்தில் ஸ்பீக்கர் வைத்தால் போதாது. திறந்த வெளியில் தொலைவு இரண்டு மடங்காகும்போதெல்லாம் ஒலி அளவு சுமார் 6 டெசிபல் குறைகிறது. 2 மீட்டரில் நிற்பவருக்கும் 64 மீட்டரில் நிற்பவருக்கும் இடையே தொலைவு ஐந்து முறை இரட்டிக்கிறது. வேறுபாடு 30 டெசிபல். பின்னால் இருப்பவருக்கு 75 டெசிபல் கிடைக்க வேண்டுமென்றால் முன்னால் இருப்பவர் 105 டெசிபலைத் தாங்க வேண்டும். அது காதுக்குக் கேடு.

எனவே மைக் செட் தொழிலில் தொடக்கம் முதலே பல குழாய்களைத் தெரு நெடுகப் பரப்பும் முறை நிலைத்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. 1 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள செப்புக் கம்பியை 300 மீட்டர் தொலைவுக்கு இழுத்தால், போகவும் வரவும் 600 மீட்டர் ஆகிறது. அதன் மின்தடை சுமார் 10 ஓம். முடிவில் 8 ஓம் ஸ்பீக்கரை நேரடியாக இணைத்தால் ஆம்ப்ளிபயர் தரும் ஆற்றலில் பாதிக்கு மேல் கம்பியிலேயே வெப்பமாக வீணாகிவிடும்.

இதற்குத் தீர்வாக வந்ததே 100 வோல்ட் லைன் முறை. ஆம்ப்ளிபயரின் வெளியீட்டை மின்மாற்றி மூலம் 100 வோல்ட்டுக்கு உயர்த்தி அனுப்புவர். ஒவ்வொரு குழாயிலும் உள்ள சிறு மின்மாற்றி அதைக் குறைத்துக் கொடுக்கும். நெடுந்தொலைவு மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் அனுப்பும் அதே தத்துவம் இது. 10 வாட் எடுக்கும் குழாய், லைனுக்கு 1,000 ஓம் போலத் தோற்றமளிக்கிறது. கம்பியின் 10 ஓம் அதன் முன் மிகச் சிறியது. இழப்பு நூற்றில் ஒரு பங்கே. கணக்கும் எளிது. 200 வாட் ஆம்ப்ளிபயரில் 10 வாட் குழாய்கள் அதிகபட்சம் 20 கட்டலாம். வாட்டுகளைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்தாலே போதும்.

கிட்டார் காம்போ பிறந்த கதை

மின் கிட்டார் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் கம்பிகளின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்குறியாக்குகிறது. ஆம்ப்ளிபயர் இல்லாவிட்டால் அதன் ஒலி பக்கத்து நாற்காலிக்குக்கூட எட்டாது. கலைஞர் தாமே தூக்கிச் செல்ல வசதியாக ஆம்ப்ளிபயரையும் ஸ்பீக்கரையும் ஒரே பெட்டியில் அமைத்தனர். 1946இல் லியோ ஃபெண்டரின் நிறுவனம் உருவானது. அதன் காம்போக்கள் பலவற்றின் பின்புறத்தில் கூடுதல் ஸ்பீக்கருக்கென ஒரு துளை வைக்கப்பட்டிருந்தது. இங்கிலாந்தில் வாக்ஸ் நிறுவனத்தின் ஏசி 30 காம்போ 1960களில் புகழ்பெற்றது.

அரங்குகள் பெரிதானபோது இந்தக் காம்போக்கள் திணறின. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் சுமார் 55,000 பேர் முன் பீட்டில்ஸ் குழு இசைத்தது. ரசிகர்களின் கூச்சலில் பாட்டே மூழ்கிப்போனது. அக்காலத்தில்தான் லண்டனில் ஜிம் மார்ஷல், ஆம்ப்ளிபயரைத் தனியாகவும், 12 அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகவும் அடுக்கும் முறையைப் பரவச் செய்தார்.

இரு மரபுகளின் நோக்கமும் வேறு என்பது இங்கே தெளிவாகும். கிட்டார்க் கலைஞர் ஸ்பீக்கரைக் கூட்டியது மேடையில் ஒலியைப் பெருக்குவதற்கு. நெல்லையின் மைக் செட்காரர் கூட்டியது தெருவில் ஒலியைப் பகிர்வதற்கு.

கூடுதல் பெட்டியை இணைக்கும் முறை

காம்போவில் 100 வோல்ட் லைன் இல்லை. எனவே வாட்டைக் கூட்டிப் பார்க்கும் மைக் செட் கணக்கு இதற்குப் பொருந்தாது. ஓம் கணக்கு பார்க்க வேண்டும்.

கூடுதல் ஸ்பீக்கர் துளை பெரும்பாலும் பக்க இணைப்பில் அமைந்திருக்கும். 8 ஓம் ஸ்பீக்கருடன் இன்னொரு 8 ஓம் பெட்டியைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் 4 ஓம். 16 ஓமும் 16 ஓமும் சேர்ந்தால் 8 ஓம். தொடர் இணைப்பில் இதற்கு மாறாக ஓம் கூடும். நான்கு 16 ஓம் ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியில் இரண்டு இரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு சோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மீண்டும் 16 ஓமே வரும்.

வெவ்வேறு ஓம் கொண்ட பெட்டிகள் ஆற்றலைச் சமமாகப் பகிர்வதில்லை. 30 வாட் வெளியீட்டில் 8 ஓமும் 16 ஓமும் பக்க இணைப்பில் இருந்தால் 8 ஓம் பெட்டி 20 வாட்டும், 16 ஓம் பெட்டி 10 வாட்டும் எடுக்கும். கூடுதல் பெட்டி தாங்கும் வாட்டை மட்டும் பார்த்து, காம்போவுக்குள் இருக்கும் ஸ்பீக்கரை மறந்துவிடக் கூடாது.

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயருக்குக் குறைந்தபட்ச ஓம் அளவு ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அதற்கும் கீழே போனால் மின்னோட்டம் மிகுந்து சூடேறும். காப்பு ஏற்பாடு இல்லையென்றால் கருகும். வால்வு ஆம்ப்ளிபயருக்கு வேறு எச்சரிக்கை தேவை. அதில் 4, 8, 16 ஓம் எனத் தெரிவு இருந்தால், மொத்த ஓமுக்கு ஏற்ப அதை மாற்றி வைக்க வேண்டும். ஸ்பீக்கரே இல்லாமல் அதை இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி பழுதாகலாம்.

கிட்டாரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குச் செல்லும் மெல்லிய கவசக் கம்பியை ஸ்பீக்கருக்குப் பயன்படுத்தக் கூடாது. முனை ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பியின் தடிப்பு வேறு. பிளஸ், மைனஸ் முனைகளையும் சரிபார்க்க வேண்டும். மாறிப்போனால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். தாழ்ந்த சுரங்கள் மெலிந்துவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் கிடைக்கும் பயன் எவ்வளவு? வால்வு ஆம்ப்ளிபயரில் மொத்த ஆற்றல் மாறுவதில்லை. 30 வாட் இரு பெட்டிகளுக்கும் பகிரப்படுகிறது. இரு கூம்புகள் சேர்ந்து காற்றைத் தள்ளுவதால் தாழ்ந்த சுரங்களில் அதிகபட்சம் 3 டெசிபல் வரை கூடும். காது ஒலியை இரட்டிப்பாக உணர 10 டெசிபல் வேண்டும். ஆகவே பெட்டியை இரண்டாக்கினால் சத்தமும் இரண்டாகும் என்பது தவறான நம்பிக்கை. உண்மையான பயன், ஒலி அகலமாகப் பரவுவதும் தாழ்சுரம் நிறைவதுமே.

இரண்டும் சந்தித்த மேடை

தென்தமிழ்நாட்டில் கிட்டாருக்குப் பல வழிகளில் இடம் கிடைத்தது. தேவாலயப் பாடகர் குழுக்கள் ஒரு வழி. அரசியல் மேடைப் பாட்டு இன்னொரு வழி. பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசனின் குழு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியது. அக்குழுவில் வளர்ந்த இளையராஜா பின்னர் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் கிட்டாரில் தேறினார். 1976இல் வெளிவந்த 'அன்னக்கிளி'யைத் தொடர்ந்து அவருடைய பாடல்களில் கிட்டாரும் பேஸ் கிட்டாரும் தமிழ்க் காதுகளுக்குப் பழகின.

அந்தப் பாடல்களை ஊர்க் கொடை மேடைகளில் மெல்லிசைக் குழுக்கள் வாசிக்க முற்பட்டபோது குழாயின் குறை வெளிப்பட்டது. மைக் செட்டின் கூம்புக் குழாய் சுமார் 300 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள ஒலியை நன்றாக வெளியிடாது. பேச்சு விளங்க அது போதும். வில்லுப்பாட்டும் குடத்தின் தாழ்ந்த ஓசையை இழந்தாலும் கதையை இழப்பதில்லை. நெல்லைப் பகுதியில் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகம் போன்ற கலைஞர்களின் சொற்களை மைக் பெருங்கூட்டத்துக்குக் கொண்டுசென்றது. ஆனால் பேஸ் கிட்டாரின் தாழ்ந்த கம்பி சுமார் 41 ஹெர்ட்சில் அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்சில். குழாயில் இவற்றின் அடித்தளமே காணாமல் போகும்.

ஆகவே மேடையின் மேல் காம்போக்களும் மரப்பெட்டிகளும் தேவைப்பட்டன. தெருவுக்குக் குழாய்கள் நீடித்தன. ஒரே விழாவில் இருவகைக் கணக்கும் அருகருகே இயங்கின. 100 வோல்ட் லைனை 8 ஓம் பெட்டியில் நேராகச் செருகினால் அளவுக்கு மீறிய மின்சாரம் பாய்ந்து பெட்டியும் ஆம்ப்ளிபயரும் பாழாகும். இரண்டையும் பிரித்தறியும் அறிவு அனுபவத்தின் வழியாகவே கைமாறியது. ஓம் விதியைப் பாடப்புத்தகத்தில் படிக்காத பலர் அதைக் கையால் அறிந்திருந்தனர்.

கூம்பு போய்ப் பெட்டி வந்தது

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், சென்னையில் ஒரு வழிபாட்டுக் கூடத்தின் ஒலி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், பிறரின் அமைதியைக் குலைக்கும்படி ஒலிபெருக்கி வைத்து வழிபட எந்த மதமும் கூறவில்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. 2005 ஜூலை 18 அன்று வந்த இன்னொரு தீர்ப்பு இரவுக் கட்டுப்பாட்டை வலியுறுத்தியது.

குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கிக்குத் தடை. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கியின் அளவு, அப்பகுதியின் வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டில் கூம்புக் குழாய் கூடாது, பெட்டி வகை மட்டுமே வைக்கலாம் என்பது விழாக்களுக்கான காவல்துறை அனுமதியில் வழக்கமான நிபந்தனையாயிற்று.

இதன் விளைவு எதிர்பார்த்ததற்கு மாறாகவும் அமைந்தது. கூம்புக் குழாய் மிகுந்த திறனுள்ளது. 1 வாட்டில் 1 மீட்டர் தொலைவில் 105 டெசிபலுக்கும் மேல் தரும். சாதாரண மரப்பெட்டி ஸ்பீக்கர் 90 முதல் 95 டெசிபல் வரை தரும். அந்தக் குறையை ஈடுகட்ட வாட்டைப் பத்து மடங்கோ அதற்கு மேலோ உயர்த்த வேண்டும். 10 வாட் குழாய் இருந்த இடத்துக்குப் பல நூறு வாட் பெட்டிகள் வந்தன. அத்துடன், குழாய் வெளியிடாத தாழ்சுரத்தைப் பெட்டிகள் வெளியிட்டன. தாழ்சுரம் சுவரையும் சன்னலையும் எளிதில் கடக்கும். குழாயின் கீச்சொலிக்குப் பதிலாக நெஞ்சில் அதிரும் ஒலி வீடுகளுக்குள் புகுந்தது. குழாயைத் தடுப்பதால் மட்டும் அமைதி வராது. அளவைக் குறைக்கவும் வேண்டும்.

செவிக்கு உரிய எல்லை

உலக அளவில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோலின்படி 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடமே எல்லை. மெல்லிசைக் கச்சேரி மூன்று மணி நேரம் நடக்கிறது. மேடையில் பெட்டிக்கு அருகே நிற்கும் இசைக்கலைஞரும், பெட்டியின் அடியில் உட்கார்ந்து பார்க்கும் சிறுவர்களுமே முதலில் பாதிக்கப்படுகின்றனர். உட்செவியின் நுண்மயிர் அணுக்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. பாளையங்கோட்டையில் 1897 முதல் காது கேளாதோருக்கான பள்ளி இயங்கிவருகிறது. செவியின் அருமையை அறிந்த இந்த ஊர்ப்பகுதி, தவிர்க்கக்கூடிய செவி இழப்பைக் குறித்து அக்கறை கொள்வது இயல்பே.

இன்றைய நடைமுறை

இன்று பெரிய மேடைகளில் கிட்டார் காம்போவுக்குக் கூடுதல் பெட்டி இணைப்பது குறைந்துவருகிறது. சிறிய காம்போவின் முன் ஒரு மைக்கை வைத்து, அந்த ஒலியைப் பொது ஒலியமைப்பின் வழியாகக் கூட்டத்துக்கு அனுப்புகின்றனர். காம்போ கலைஞருக்கு மட்டும் கேட்டால் போதும். வீட்டிலும் சிறு கூடத்திலும் தாழ்சுரம் நிறைய வேண்டுமென்றால் கூடுதல் பெட்டி இன்றும் பயன்படுகிறது. பின்புறம் திறந்த காம்போவுடன், மூடிய கூடுதல் பெட்டியைச் சேர்த்தால் இருவகை ஒலியும் கலந்து கிடைக்கும்.

நீண்ட வீதிகளுக்கு, மேடையருகே பெட்டிகளைக் குவிப்பதைவிடச் சிறிய பெட்டிகளை இடைவெளி விட்டு வைப்பதே நல்லது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், 100 மீட்டர் தள்ளியுள்ள மேடை ஒலி கால் வினாடிக்கு மேல் தாமதித்து எதிரொலி போலக் கேட்கும். தொலைவிலுள்ள பெட்டிகளுக்குச் செல்லும் ஒலியை அதே அளவு தாமதப்படுத்தும் மின்னணுக் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. அப்படி அமைத்தால் ஒவ்வொரு பெட்டியும் தன் அருகில் உள்ளவருக்கு மட்டும் கேட்கும் அளவில் இயங்கினால் போதும். சட்ட வரம்பும் மீறப்படாது.

ரத வீதியில் குழாய் கட்டியவர்கள் செய்ததும் அடிப்படையில் இதுவே. கருவிகள் மாறினாலும், எத்தனை ஸ்பீக்கர் என்பதைவிட அவை எங்கே, எந்த அளவில், எந்த இணைப்பில் இருக்கின்றன என்பதே முக்கியம் என்ற அவர்களின் அனுபவ அறிவு இன்றும் செல்லும்.